காரணம் கேட்காத ‘வை’

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தூத்துக்குடியில் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இங்கிலாந்தின் பெலிக்ஸ்டோ துறைமுகத்தில் எங்களுக்காக வேலை பார்த்த முகவர் ஒருவரோடு தொலைபேசியில் பேச வேண்டியிருந்தது. ஒரு கன்டெய்னருக்கான பில் ஆஃப் லேடிங்கில், அதாவது கப்பலில் ஏற்றிய சரக்குக்கான சீட்டில், எடையைத் திருத்த வேண்டும். ஏற்றுமதியாளரோ சரியான எடையை இன்னும் எழுத்தில் தரவில்லை. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அவர், ‘வை டோன்ட் யூ சென்ட் மீ த டிராஃப்ட் டுடே?’ என்றார். ‘இன்று ஏன் வரைவை அனுப்பவில்லை?’ என்றுதான் அது என் காதில் விழுந்தது. வேலையில் குறை கண்டுபிடித்துவிட்டார் என்று பதறி, ‘பிகாஸ்’ என்று தொடங்கி, ஏற்றுமதியாளர் ஊரில் இல்லாதது, எடைமேடைச் சீட்டு வராதது, இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர் சங்கடத்தோடு, ‘நோ, நோ, இட் வாஸ் ஜஸ்ட் எ சஜஷன்’ என்றார்.

அவர் சொன்னதை நல்ல தமிழில் பெயர்த்தால், ‘வரைவை இன்றைக்கு அனுப்பிவிடுங்களேன்’ என்று வரும். எடையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பது அதில் சொல்லாமல் அடங்கியிருக்கிறது. அவர் என்னிடம் காரணம் கேட்கவே இல்லை. ஒரு வழியைச் சொல்லிக் கொடுத்தார். நான் அதற்கு வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வினா வடிவத்தில் யோசனை சொல்லும் இந்த ஆங்கில வழக்கைப் பற்றி அன்றிலிருந்து குறித்து வைத்தவற்றையே இங்கே எழுதுகிறேன். பள்ளியில் நமக்கு வினாச்சொற்களை அட்டவணை போட்டுக் கற்பித்தார்கள்: ‘வேர்’ இடத்தைக் கேட்கும், ‘வென்’ காலத்தைக் கேட்கும், ‘வை’ காரணத்தைக் கேட்கும். ‘வை’ என்று தொடங்கும் வினாவுக்கு ‘பிகாஸ்’ என்று தொடங்கி விடை எழுதினால் முழு மதிப்பெண். அந்த அட்டவணையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் நாள்தோறும் எழுப்பும் ‘வை’களில் ஒரு பெரும் பங்கு அந்த அட்டவணைக்குள் வருவதில்லை.

நாம் தடுமாறுவதற்குத் தமிழிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ‘அனுப்பவில்லை’ என்ற ஒரே சொல், நேற்று அனுப்பாததையும் குறிக்கும், இப்போது அனுப்பாமலிருப்பதையும் குறிக்கும். அதனால் ‘டோன்ட்’, ‘டிடின்ட்’ என்ற இரண்டையும் நம் மனம் ‘வில்லை’ என்று ஒரே பெட்டிக்குள் போட்டுவிடுகிறது. ஆங்கிலத்திலோ அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மதில் நிற்கிறது. ‘வை டிடின்ட் யூ கால் மீ?’ என்றால் அது நடந்து முடிந்ததைப் பற்றிய கேள்வி, பெரும்பாலும் மனத்தாங்கலோடு வருவது; அதற்குக் காரணம் சொல்லத்தான் வேண்டும். ‘வை டோன்ட் யூ கால் மீ டுமாரோ?’ என்றால் ‘நாளைக்குக் கூப்பிடுங்களேன்’ என்று மட்டுமே பொருள். நம் ‘வாருங்களேன்’, ‘சொல்லுங்களேன்’, ‘சாப்பிடேன்’ ஆகியவற்றின் கடைசியிலும் ‘ஏன்’ என்றே ஒலிக்கிறது; அந்த ‘ஏன்’ காரணம் கேட்கிறது என்று தமிழ்க் குழந்தை ஒன்றுகூட மயங்குவதில்லை. விருந்துக்கு வந்தவரிடம் ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்களேன்’ என்றால், போட்டுக்கொள்ளாததற்கு அவர் விளக்கம் எழுதித் தரமாட்டார். ‘வை டோன்ட் யூ’ என்பதை ‘ஏன் இல்லை’ என்று பெயர்க்காமல் இந்த ‘ஏனோடு’ சேர்த்து வைத்த பிறகுதான் எனக்கு அது கைவந்தது.

ஆனால் ‘டோன்ட்’ வந்துவிட்டாலே யோசனை என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. ‘வை டோன்ட் யூ ஈட் மீட்?’ என்று ஒருவர் கேட்டால், நீங்கள் இறைச்சி உண்ணாததன் காரணத்தைத்தான் கேட்கிறார், உண்ணச் சொல்லவில்லை. வழக்கமாக நடப்பதைப் பற்றியதா, இனி ஒருமுறை செய்யப்போவதைப் பற்றியதா என்பதை வைத்தே இதைப் பிரித்தறிய வேண்டும். சில இடங்களில் இலக்கணமே அடையாளம் காட்டிவிடுகிறது. ‘வை டோன்ட் யூ ஈட் சம்திங்?’ என்பது ‘ஏதாவது சாப்பிடேன்’ என்ற கனிவு. ‘வை டோன்ட் யூ ஈட் எனிதிங்?’ என்பது ‘ஏன் எதுவுமே சாப்பிடுவதில்லை?’ என்ற விசாரணை. எதிர்மறை உண்மையிலேயே எதிர்மறையாக இருக்கும் இடத்தில் ‘எனிதிங்’ வருகிறது. ‘டோன்ட்’ வெறும் உடுப்பாக இருக்கும் யோசனையில் ‘சம்திங்’ வருகிறது.

இதைவிட வியப்பானது ‘பீ’ என்னும் வினைச்சொல்லின் நடத்தை. சாதாரண வினாவில் ‘பீ’ ஒருபோதும் ‘டூ’வின் துணையை நாடாது, ‘நீ ஏன் கவனமாக இல்லை?’ என்பதை ‘வை ஆரின்ட் யூ கேர்ஃபுல்?’ என்றுதான் கேட்க வேண்டும். ஆனால் யோசனை சொல்லும்போது மட்டும் ‘வை டோன்ட் யூ பீ த கேப்டன்?’ என்று இயல்பாக வருகிறது. ‘நீயே தலைவனாக இருந்துகொள்ளேன்’ என்று பொருள். ‘டோன்ட் பீ லேட்’ என்ற ஏவலிலும் இதே சேர்க்கை வருவதை நினைத்துப் பார்த்தால், வினாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே ஏவல்தான் நிற்கிறது என்பது தெரியும். அதேபோல, விரும்பினாலும் ஒருவர் ‘செய்ய’ முடியாத வினைகள் இந்த அமைப்புக்குள் யோசனையாக வருவதில்லை. ‘வை டோன்ட் யூ நோ த ஆன்சர்?’ என்றால் அது கேள்வியே, அதுவும் கடுமையான கேள்வி. விடையைத் தெரிந்துகொள்ளேன் என்று அதற்குப் பொருள் வராது.

இந்த அமைப்பு உறைந்துபோன ஒன்று என்பதையும் சொல்ல வேண்டும். சுருக்க வடிவத்தைப் பிரித்து ‘வை டூ யூ நாட் சென்ட் இட்?’ என்று எழுதினால் யோசனை மறைந்து குற்றச்சாட்டு தலைதூக்குகிறது. தொடர்நிகழ்காலத்துக்கு மாற்றி ‘வை ஆரின்ட் யூ சென்டிங் இட்?’ என்றாலும் அப்படித்தான். நம் அலுவலக மின்னஞ்சல்களில் தவழ்ந்து திரியும் ‘வை யூ ஆர் நாட் சென்டிங்’ என்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எழுதியவர் பணிவாக ஒரு வழியைக் காட்டியதாக எண்ணிக்கொண்டிருப்பார், படிப்பவர் திட்டு வாங்கியதாக எண்ணிக்கொண்டிருப்பார்.

எதற்காக இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டும்? கேட்பவருக்கு மறுக்க ஓர் இடம் விட்டுவைப்பதற்காகத்தான். ‘அனுப்பு’ என்றால் அனுப்பியாக வேண்டும். ‘அனுப்பேன்’ என்றால் ‘பார்க்கிறேன்’ என்று நழுவலாம். இப்படிப்பட்ட நயத்தைப் பல மொழிகளிலிருந்து திரட்டி ஆராய்ந்த பெனலபி பிரவுன், ஸ்டீவன் லெவின்சன் ஆகிய இருவரும் ஆங்கிலத்தோடும் மெக்சிகோவின் ட்செல்டால் மொழியோடும் மூன்றாவதாக எடுத்துக்கொண்டது தமிழை. கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பேச்சு அதற்குச் சான்றாயிற்று. 1978 இல் முதலில் வெளிவந்த அந்த ஆய்வு, பணிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் தொட்டுச் செல்லும் ஒன்று. ஆகவே இந்த நயம் ஏதோ வெள்ளைக்காரருக்கே உரிய நாகரிகம் என்று நாம் மலைத்து நிற்க வேண்டியதில்லை.

‘வை நாட்’ என்பது இதன் நெருங்கிய உறவு. அதன் பின்னால் வினைச்சொல்லின் வெறும் வடிவம் மட்டுமே வரும்: ‘வை நாட் டேக் த டிரெயின்?’, அதாவது ‘ரயிலில் போனால் என்ன?’. ‘டு’வும் சேராது, ‘இங்’கும் சேராது, ‘யூ’வும் சேராது. நம் நாவில் எளிதாக வந்துவிடும் ‘வை நாட் யூ டேக் த டிரெயின்’ என்பது இரண்டு அமைப்புகளை ஒட்டுப்போட்டதால் வந்த பிழை. இதில் ‘நாட்’ என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் பொருள் தலைகீழாகிவிடுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ‘வை டேக் த டிரெயின்?’ என்றால் ‘ரயிலில் எதற்குப் போக வேண்டும்?’, அதாவது ‘போகாதே’. ஆக, எதிர்மறைச் சொல் இருக்கும் வாக்கியம் ‘செய்’ என்கிறது. இல்லாத வாக்கியம் ‘செய்யாதே’ என்கிறது. தமிழிலும் ‘போனால் என்ன?’ என்பது தூண்டுவதும், ‘போய் என்ன?’ என்பது தடுப்பதும் போலத்தான்.

‘ஹவ் அபவுட்’, ‘வாட் அபவுட்’ என்ற இணையைப் பாடநூல்கள் ஒரே பொருள் என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. ‘அபவுட்’ முன்னிடைச்சொல் (பிரெப்பொசிஷன்) என்பதால் அதன் பின்னால் பெயர் வர வேண்டும், வினை வந்தால் ‘இங்’ சேர்ந்து பெயராகி வர வேண்டும். ‘ஹவ் அபவுட் டீ?’, ‘ஹவ் அபவுட் மீட்டிங் ஆன் மண்டே?’ என்பவை சரி, ‘ஹவ் அபவுட் டு மீட்’ தவறு. இவ்வளவும் பாடநூலில் உண்டு. பேச்சில் ‘ஹவ் அபவுட் வீ மீட் ஆன் மண்டே?’ என்று முழு வாக்கியத்தையே பின்னால் மாட்டிவிடுகிறார்கள். இலக்கணத்தில் கறாரானவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் பேசுபவர்கள் நிறுத்துவதாக இல்லை. அங்கே வினை ‘மீட்’ என்று சாதாரண நிகழ்காலத்தில்தான் நிற்கும். ‘வில் மீட்’ என்று எதிர்காலம் சேர்ப்பது நம் பழக்கம், அவர்களுடையது அன்று.

ஆனால் இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. ‘ஊட்டிக்குப் போகலாம்’ என்று நீங்கள் சொல்லும்போது நண்பர் ‘வாட் அபவுட் த கிட்ஸ்?’ என்றால், அவர் குழந்தைகளை யோசனையாக முன்வைக்கவில்லை. ‘குழந்தைகளை என்ன செய்வது?’ என்று தடை எழுப்புகிறார். அந்த இடத்தில் ‘ஹவ் அபவுட்’ பொருந்தாது. விட்டுப்போனதை நினைவூட்டுவதும், சிக்கலைச் சுட்டுவதும் ‘வாட் அபவுட்’டின் வேலை; புதிதாக ஒன்றை மேசைமேல் வைப்பதற்கு ‘ஹவ் அபவுட்’ சற்றுக் கூடுதலாகக் கை கொடுக்கும். இதைப் போலவே ‘வாட் டூ யூ சே டு’ என்பதில் வரும் ‘டு’ முன்னிடைச்சொல். ஆகவே ‘வாட் டூ யூ சே டு கோயிங் அவுட்?’ என்று ‘இங்’ சேர்த்தே சொல்ல வேண்டும். ‘டு’வைக் கண்டதும் வெறும் வினையைப் போடும் பழக்கம் நம்மை இங்கே கவிழ்த்துவிடும்.

‘ஷல் வீ’க்கு வருகிறேன். ‘ஷல் வீ கோ?’ என்பது ‘போவோமா?’, ‘போகலாமா?’ என்பவற்றுக்கு அச்சு அசலாகப் பொருந்துவதால், இந்த வரிசையில் நமக்குச் சிரமமே கொடுக்காதது இது என்றுதான் நினைத்திருந்தேன். சிரமம் ‘வீ’ என்ற சொல்லில் ஒளிந்திருந்தது. தமிழுக்கு ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு; ஆங்கிலத்துக்கு இரண்டும் ‘வீ’தான். ஒருமுறை அதே பெலிக்ஸ்டோ அலுவலகத்திலிருந்து ‘ஷல் வீ இன்ஃபார்ம் த ஷிப்பிங் லைன்?’ என்று கேட்டார்கள். ‘நாம் தெரிவித்துவிடலாமா?’ என்று கேட்பதாகக் கொண்டு நான் ‘எஸ், ஷ்யூர்’ என்றேன், தெரிவிக்கவும் செய்தேன். அவர்கள் கேட்டதோ ‘நாங்கள் தெரிவிக்கட்டுமா?’. கப்பல் நிறுவனத்துக்கு ஒரே செய்தி இரண்டு விதமான எடையோடு இரண்டு முறை போய்ச் சேர்ந்தது. ‘லெட்ஸ்’ என்ற சுருக்கத்தில் இந்தக் குழப்பம் இல்லை. அது எப்போதும் ‘நாம்’. அதையே ‘லெட் அஸ் கோ’ என்று விரித்தால் ‘எங்களைப் போகவிடு’ என்றும் பொருள்படும். ‘லெட்ஸ் கோ’வுக்குக் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் குறுவினா, அதாவது ஒட்டுவினா, ‘ஷல் வீ?’. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் ‘ஷல் வீ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘வில் வீ கோ?’ என்று கேட்பவர்கள் உண்டு; அது எதிர்காலத்தைப் பற்றிய ஆரூடம் அன்று, ‘போவோமா?’ என்பதே.

இத்தகைய வினாக்களுக்கு எப்படி விடை சொல்வது என்பதில்தான் நான் முதலில் சறுக்கினேன். ஆனால் அதற்கான கணக்கு நம் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலேயே இருந்திருக்கிறது. நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கும்போது ஏவல் வினா என்று ஒன்றைத் தனியே வைக்கிறது. கேட்பது போல வேலை சொல்லும் வினா அது. விடையை எட்டாகப் பிரித்து, அவற்றுள் கடைசி ஐந்தும் நேராக விடை சொல்லாவிட்டாலும் விடைப்பொருளைத் தருவதால் விடையாகவே ஏற்கப்படும் என்கிறது. ‘ஷல் வீ ஹேவ் காஃபி?’ என்று கேட்டவரிடம் ‘ஐ வில் ஹேவ் டீ’ என்றால் அது, கேட்டதற்கு இனமான வேறொன்றைச் சொல்லும் இனமொழி விடை. ‘வை நாட்?’ என்று திருப்பிக் கேட்டால் அது வினா எதிர் வினாதல், ‘வருவாயா?’ என்றதற்கு ‘வராமல் இருப்பேனா?’ என்பது போல. வினாவுக்கு எதிராக வரும் வினாவும் விடையே என்று தொல்காப்பியமும் விதி செய்திருக்கிறது. 1975 இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் சேர்ல் மறைமுகப் பேச்சைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு சிறிய உரையாடல் வருகிறது: இன்று இரவு திரைப்படத்துக்குப் போகலாம் என்கிறான் ஒரு மாணவன், தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்கிறான் இன்னொருவன். இரண்டாமவன் ‘மாட்டேன்’ என்று சொல்லவே இல்லை, இருந்தும் மறுத்துவிட்டான். அது எப்படி நிகழ்கிறது என்பதைச் சேர்ல் பத்துப் படிகளாகப் பிரித்துக் காட்டுகிறார். நன்னூலைப் படித்தவருக்கு அது, இனி நேரப்போவதைச் சொல்லி விடையை உணர்த்தும் உறுவது கூறலுக்குப் பக்கத்து வீடு.

ஆகவே ‘வை டோன்ட் வீ மீட் அட் ஃபைவ்?’ என்றால் ‘குட் ஐடியா’, ‘சவுண்ட்ஸ் குட்’ என்று ஏற்கலாம்; ‘ஐ ஹேவ் எ கால் அட் ஃபைவ்’ என்று குறிப்பால் மறுக்கலாம். ‘பிகாஸ்’ மட்டும் வாயில் வரக் கூடாது. ‘எஸ்’, ‘நோ’ என்பவையும் இங்கே வழுக்கும். ‘வை டோன்ட் வீ’க்கு வெறும் ‘எஸ்’ சொன்னால் கேட்டவர் ஒரு கணம் விழிப்பார்.

இவை எல்லாம் சமமானவர்களுக்குள் நடக்கும் பேச்சுக்கு உரியவை என்பதை மறந்துவிடக் கூடாது. புதிய வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதத்தில் ‘வை டோன்ட் யூ பே பை ஃப்ரைடே?’ என்று எழுதினால் நட்பும் தெரியாது, பணமும் வராது. குரல் சற்று உயர்ந்தாலே ‘வை டோன்ட் யூ மைண்ட் யுவர் ஓன் பிசினஸ்?’ என்று இதே அமைப்பு முகத்தில் அறையவும் செய்யும்.

கூட்டக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. மேலாளர் ‘வை டோன்ட் வீ சேஞ்ச் த வென்டர்?’ என்று சொன்னதை, அயற்கூற்றாக மாற்றும் பள்ளிப் பயிற்சியின்படி ‘ஹீ ஆஸ்க்ட் வை வீ டிடின்ட் சேஞ்ச் த வென்டர்’ என்று எழுதினால், யோசனை சொன்னவர் விசாரணை நடத்தியவராகப் பதிவாகிவிடுவார். அங்கே ‘ஹீ சஜஸ்டட் சேஞ்சிங் த வென்டர்’ என்றோ ‘ஹீ சஜஸ்டட் தட் வீ சேஞ்ச் த வென்டர்’ என்றோதான் எழுத வேண்டும். ‘சஜஸ்டட் டு சேஞ்ச்’ என்பதும், நம் ஊரில் பலரும் கேட்கும் ‘சஜஸ்ட் மீ எ குட் ஹோட்டல்’ என்பதும் அந்த வினைச்சொல் ஏற்காத அமைப்புகள்.

சென்ற மாதம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுமுனையில் இருந்தவர் ‘வை டோன்ட் ஐ கால் யூ பேக் இன் டென் மினிட்ஸ்?’ என்று கேட்டிருக்கிறார். “அண்ணே, தான் ஏன் பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிடுவதில்லை என்று அவரே என்னிடம் கேட்கிறார், நான் என்ன சொல்ல?” என்றாள். “‘ஃபைன், தேங்க் யூ’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடம்மா, அவரே கூப்பிடுவார்” என்றேன். நம்பாமல் வைத்தாள். ஒன்பதாவது நிமிடத்தில் மணி அடித்தது.